மணிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய காயின் போன்களை வாங்கி, நீலம், ஆரஞ்சு, இளம்பச்சை என்று பிடித்த நிறமடித்து வீட்டிலும் கடையிலும் மாட்டுகிற ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. பழைய இரும்பாகப் போயிருக்க வேண்டிய ஒன்று பிழைக்கிறது என்பதால் அது நல்ல ஆசைதான். ஆனால் பெயிண்ட் பட்டறைக்குப் போய்வரும் போன்களில் பல, காசு உள்ளே இறங்காத, மூடியே சரியாக மூடாத பெட்டிகளாகத் திரும்புகின்றன. பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த இடத்தில் பெயிண்ட் படக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

இப்படிச் சீரமைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் போன்கள். 5, 10, 25 சென்ட் காசுகளுக்குத் தனித்தனித் துளை கொண்ட மூன்று துளைப் போன் ஒரு வகை. 1960-களின் நடுவில் வந்த ஒற்றைத் துளைப் போன் இன்னொரு வகை. மூன்று துளைப் போனுக்குள் மணிகள் இருக்கின்றன. 5 சென்ட் விழுந்தால் ஒரு ‘டிங்’, 10 சென்ட்டுக்கு இரண்டு ‘டிங்’, 25 சென்ட்டுக்குக் கனத்த ‘டோங்’. மறுமுனையில் ஆபரேட்டர் அந்த ஓசையைக் காதால் கேட்டுத்தான் எவ்வளவு காசு விழுந்தது என்று கணக்கு வைத்தார். அந்த மணியின் மேல் ஒரு கோட் பெயிண்ட் பட்டால் போதும், ஓசை செத்துவிடும். ஆகவே மேல்மூடியும் கீழே இருக்கும் உண்டியல் பெட்டியும் மட்டுமே பட்டறைக்குப் போகவேண்டும். காசு இறங்கும் சட்டம், மணி, ரிலே (காசை உண்டியலுக்கோ திரும்பும் வாய்க்கோ தள்ளும் மின்விசை), டயல், பூட்டு எல்லாம் கழற்றப்பட்டு வீட்டிலேயே இருக்கட்டும். கழற்றும்போது ஒவ்வொரு ஒயரையும் படமெடுத்து, முனையில் சீட்டு ஒட்டிவையுங்கள்.

திறப்பதில்தான் முதல் சிக்கல். ஒற்றைத் துளைப் போனுக்குச் சாவி மட்டும் போதாது. சாவியால் பூட்டை விடுவித்தபின் ‘டி’ வடிவத் திருகுகோலையும் போட்டுத் திருப்பவேண்டும். சாவி இல்லையென்றால் பூட்டுக்காரரிடம் கொண்டுபோங்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் மூடியின் விளிம்பு வளையும். வளைந்த விளிம்பை எந்தப் பெயிண்டும் மறைக்காது.

அடுத்து, காந்தத்தை எடுத்து எல்லாப் பாகங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாத பாகங்கள் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பாக இருக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பழைய பெயிண்டை எடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றில்லை. இரும்பை மணல் வீசித் தேய்க்கலாம். துத்தநாகத்தில் அப்படிச் செய்தால் மேற்பரப்பு குழி விழுந்துவிடும். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் உலோகமே கரையும். வார்ப்புப் பாகங்களுக்குப் பெயிண்ட் ரிமூவரும் பிளாஸ்டிக் சுரண்டியும்தான் சரி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடைசெய்ததே 1978-ல்தான். ஆகவே உலர்வாகத் தேய்க்கவேண்டாம். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணியுங்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலையே கூடாது.

பெயிண்டைத் தூளாகத் தூவி, அடுப்புச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பவுடர் கோட்டிங்தான் இந்தப் போன்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கையும் காசும் உரசுகிற பொருளுக்கு அந்த உறுதி வேண்டும். ஆனால் அது 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகிற பெயிண்ட். ரப்பர், பிளாஸ்டிக் ஜன்னல், கிரீஸ் உள்ள பூட்டு எதுவும் அடுப்புக்குள் போகக்கூடாது. பள்ளத்தை அடைக்கச் சாதாரண புட்டி வைத்திருந்தால் அது வெந்து உப்பும், சூடு தாங்கும் உலோகப் புட்டி வேண்டும். வார்ப்புப் பாகத்தில் இன்னொரு தொல்லை: அதன் நுண்துளைகளில் அடைபட்ட காற்று சூட்டில் வெளியேறி, பெயிண்ட் முழுக்க ஊசித்துளை போட்டுவிடும். வெறும் பாகத்தை முதலில், பவுடர் வேகும் சூட்டைவிடச் சற்று அதிகச் சூட்டில் அரைமணி நேரம் வைத்து ஆறவிட்டால் அந்தக் காற்று முன்பே போய்விடும். இதைச் செய்யாமல் அவசரப்படுகிற பட்டறையில் கொடுக்காதீர்கள்.

ஒரு கோட் பவுடரின் தடிமன் 60 முதல் 100 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கேட்கச் சிறிதுதான். 5 சென்ட் காசு 1.95 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அது நுழையும் துளையின் இரு பக்கமும் பவுடர் படிந்தால் 0.2 மில்லிமீட்டர் வரை குறுகிவிடும், ஓரத்தில் திரள்வது தனி. மூடியும் உடலும் சேரும் விளிம்புகளிலும் இதே கதைதான். காசுத் துளை, விளிம்பு, பூட்டுத் துளை, திருகு மரை அனைத்தையும் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிக்கான் அடைப்பானாலும் மூடச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும், எழுதிக் கொடுங்கள். நிறத்தையும் எண்ணாகவே கொடுங்கள். ‘சிவப்பு’ என்றால் ஆளுக்கு ஒரு சிவப்பு. ரால் என்ற நிற அட்டவணையின் எண்ணைச் சொல்லி, ரால் 3020 என்றால் எல்லாருக்கும் ஒரே சிவப்பு.

ஸ்பிரே டப்பாவில் அடிப்பவர்கள் மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். அடுத்த கோட்டுக்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டி, பாதி காய்ந்த நிலையில் அடித்தால் கீழ்க்கோட் சுருங்கித் தோல் உரிந்ததுபோல் ஆகிவிடும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே பூட்டைப் பொருத்தாதீர்கள். உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும்.

ரிசீவருக்குப் பெயிண்ட் வேண்டாம். பழையது பேக்லைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) என்றால் மெல்லிய பாலிஷ் பசையில் துணியால் தேய்த்தாலே கறுப்பு திரும்பிவரும். பிற்காலத்து பிளாஸ்டிக் ரிசீவரில் அசிட்டோனோ தின்னரோ பட்டால் அது கரைந்துவிடும். கறுப்பு ரிசீவர் எந்த நிறத்து உடலோடும் சேர்ந்துபோகும் என்பதையும் சொல்லவேண்டும்.

காசு வழிக்கு எண்ணெய் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணெயில் தூசி ஒட்டும், தூசியில் காசு ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டால் போதும். சுவரில் மாட்டும்போது தூக்குக்குண்டோ ரசமட்டமோ வைத்து நேராக மாட்டுங்கள். காசு தன் எடையால் விழுந்துதான் உள்ளே எல்லாம் நடக்கிறது, பெட்டி சாய்ந்திருந்தால் நல்ல காசும் சிக்கிக்கொள்ளும். போன் 20 கிலோ அளவில் கனக்கும். செங்கல்லிலோ மரச்சட்டத்திலோ போல்ட் போடவேண்டும், ஜிப்சம் பலகை தாங்காது.

கடைசியாக, வேலை செய்ய வைப்பது. போட்ட காசை உண்டியலில் தள்ளுவதா, திருப்பித் தருவதா என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 130 வோல்ட் அளவு மின்சாரத்தின் திசைதான் ரிலேவுக்குச் சொன்னது. வீட்டு இணைப்பில் அது வராது. காசை எப்போதும் உண்டியலுக்கோ திரும்பும் வாய்க்கோ விடும்படி ரிலேவை நிறுத்திவைக்கலாம், அல்லது அந்த மின்சாரத்தைத் தரும் தனிக் கருவி பொருத்தலாம். சுழல் டயலின் துடிப்பை இன்றைய பல இணையத் தொலைபேசிப் பெட்டிகள் புரிந்துகொள்ளாது. அந்தத் துடிப்பைப் பொத்தான் ஓசையாக்கும் மாற்றி ஒன்று இடையில் வேண்டும். பழைய பொத்தான் போனில் டயல்டோன் வந்து, பொத்தான் அழுத்தினால் மட்டும் ஓசை வராவிட்டால் பொத்தான் பலகை கெட்டுவிட்டது என்று தூக்கியெறியாதீர்கள். லைன் ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். துருவம் மாறியிருந்தால் அவற்றில் பல ஓசை எழுப்புவதில்லை.

இப்படிக்கு,
பழைய தொலைபேசிகளைச் சீரமைக்கும் வாசகர்