பண்டிகைக்கு ஐந்து வாரம் முன்பு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடியும் காலை நடை தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. போன பண்டிகையன்று வெடிச் சத்தத்தில் உன் நாய் மணி குளியலறைக் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொண்டதை எழுதியிருந்தாய். இந்தத் தடவை என்ன செய்யலாம் என்று ஐந்து வாரம் இருக்கும்போதே கேட்டாயே, அதுதான் நல்லது. அன்றைக்குச் சாயங்காலம் கேட்டிருந்தால் கதவைச் சாத்து என்பதற்கு மேல் அதிகம் சொல்ல இருந்திருக்காது.

நமக்கு நொடிக்கு 20,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரையுள்ள கீச்சொலிதான் கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000, பூனைக்குச் சுமார் 64,000 வரை கேட்கும். அதைவிடக் கொடுமை, அடுத்த வெடி எப்போது, எந்தப் பக்கம் என்று மணிக்குத் தெரியாதது. இடிக்காவது முன்னால் காற்றும் இருட்டும் வரும். பட்டாசுக்கு அப்படி எந்த அறிகுறியும் கிடையாது. மணி அடம் பிடிக்கவில்லை, வசந்தி. அது பீதி. அதட்டினால் கூடத்தான் செய்யும்.

இன்றே பழக்கத் தொடங்கு. வெடிச் சத்தப் பதிவு ஒன்றை எடுத்து, உனக்கே காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வை. சத்தம் வந்த மறுநொடி மணிக்கு ரொம்பப் பிடித்த தின்பண்டம் ஒரு சிறு துண்டு. சத்தம் நின்றால் தின்பண்டமும் நிற்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் தின்பண்டத்தைக் காட்டிவிட்டுப் பிறகு சத்தம் வைத்தால், தின்பண்டத்தைப் பார்த்தாலே பயப்படப் பழகிவிடும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு தடவை. இரண்டு மூன்று நாள் சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் ஒலியை ஒரு படி கூட்டு. உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, காதைப் பின்னால் மடிப்பது, தின்பண்டத்தை வேண்டாமென்று ஒதுக்குவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கு ஒலி அதிகம் என்று அர்த்தம். இரண்டு படி இறங்கிவிடு. அவசரப்படுகிறவர்கள் எல்லாம் இங்கேதான் தவறு செய்கிறார்கள். இன்னொன்று, கைப்பேசி ஒலிபெருக்கியில் வெடியின் தாழ்ந்த, கனத்த அதிர்வு வராது. பெரிய ஒலிபெருக்கியில் வைத்தால் நல்லது. அப்படியும் நிஜ வெடியின் உதறல் வராது என்பதால் பழக்குவதை மட்டும் நம்பி இருந்துவிடாதே.

அதனால் இந்த வாரமே கால்நடை மருத்துவரைப் பார். மணிக்கு வயது ஒன்பது. மூட்டு வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். திடுக்கிடும்போது தசை இறுகி வலி எடுத்தால், நாய் சத்தத்தையும் வலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மருந்து கொடுத்தால், சத்தமில்லாத ஒரு நாளில் ஒத்திகை பார்த்துவிடு. ஒரே மருந்து ஒரு நாயைத் தூங்க வைக்கும், இன்னொன்றைப் பரபரப்பாக்கும். பண்டிகையன்று பயம் ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பாதிப் பலன்கூட இருக்காது. அசிபுரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் எழுதினால் தயங்காமல் கேள்வி கேள். அது உடம்பை அசையாமல் வைக்கும், பயத்தைக் குறைக்காது. சத்த பயத்துக்கான டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல் கொடுத்தால் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தடவு. விழுங்கிவிட்டால் வேலை செய்யாது. கையுறை போட்டுக்கொள், 15 நிமிடத்துக்குத் தீனி வேண்டாம். உன் வீட்டு மாத்திரை எதையும் தொடாதே. மனிதர்களுக்கான காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தின் திரவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அது நாய்க்கு நஞ்சு. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இருப்பதற்கு ஜன்னல் குறைந்த உள்ளறைதான் சரி. ஒரு வாரம் முன்பிருந்தே அங்கே தீனி போட்டுப் பழக்கு. திரையை மூடி விளக்கைப் போட்டு வை, இருட்டில்தான் வாண வெளிச்சம் பளிச்சென்று தெரியும். மின்விசிறி ஓடட்டும், தண்ணீர் இருக்கட்டும். பயத்தில் இரைக்கும் நாய்க்குச் சீக்கிரம் சூடேறும். கூண்டு வைத்தால் மேலே போர்வை போடு, ஆனால் பூட்டாதே. பூட்டிய கூண்டில் பல்லும் நகமும் உடைத்துக்கொள்ளும். அணைத்துக்கொண்டால் பயம் வளரும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மணி உன்னிடம் வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துத் தடவிக் கொடு.

நான் அதிகம் பயப்படுவது வாசல் கதவுக்குத்தான். விருந்தாளி வந்து போகும் அந்த நொடியில்தான் நாய் காணாமல் போகிறது. பொழுது சாய்வதற்கு முன்பே வெளியே கூட்டிப் போய் வந்துவிடு. கழுத்துப்பட்டை, மார்புப்பட்டை இரண்டிலும் கயிறு வேண்டும். பயந்த நாய் பின்வாங்கி இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியே உருவிக்கொள்ளும். உன் எண் எழுதிய வில்லையும், தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் இருக்கட்டும். சிப் இடத்தைக் காட்டாது, அதில் இருப்பது ஓர் எண்தான். உன் பழைய தொலைபேசி எண்ணையே பதிவில் வைத்திருந்தால் பலனில்லை, இன்றைக்கே மாற்று.

உன் பூனை குட்டிக்குத் தனி அறை, அதிலேயே மண் தட்டு. கட்டிலடியில் பதுங்கினால் பிடித்து இழுக்காதே, அதற்கு அதுதான் பாதுகாப்பு. அது ஆண் பூனை என்பதால் மறுநாள் தட்டில் முக்கிக்கொண்டு சிறுநீர் வராமல் தவிக்கிறதா என்று மட்டும் பார். பயத்தில் அடைத்துக்கொள்ளும். அப்படியென்றால் மணிக்கணக்கில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடு. கிளிக்கூண்டை ஜன்னலை விட்டு விலக்கி, மூன்று பக்கம் துணி மூடி, மங்கலான விளக்கு ஒன்று வை. முழு இருட்டில் திடுக்கிட்டால் கம்பியில் மோதிச் சிறகை ஒடித்துக்கொள்ளும். புகை உள்ளே வராமல் பார்த்துக்கொள்.

விடிந்ததும் நீ முதலில் வெளியே போய் முற்றத்தைக் கூட்டு. வெடிக்காத பட்டாசில் பேரியம், குளோரேட் போன்ற நச்சு உப்புகள் இருக்கலாம். தின்றால் வாந்தி, எச்சில், கால் தளர்வு வரும். நீயாக வாந்தி எடுக்க வைக்காதே, உறையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போ. தீக்காயம் பட்டால் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் குளிர்ந்த குழாய்த் தண்ணீர். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். ஈரத் துணி போர்த்திக் கூட்டிப் போ. இரண்டு மூன்று நாள் மணி சோர்ந்து கிடந்தால் பதறாதே, வெளியே போகும்போது மட்டும் அந்த இரட்டைக் கயிற்றை விடாதே.

மருத்துவர் என்ன மருந்து எழுதினார், ஒத்திகையில் மணி எப்படி இருந்தது என்று உடனே எழுது.

உன்
கமலா