எழுபது போதும், கண்ணு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் நடுவில் நிறுத்தி மறுபடி படிக்கலாம். சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடியில் ஓடு பதிக்கிறார்கள். மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தவர்களைக் கவனிக்கிற வி.ஏ. ஆபீஸ், உனக்குப் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போட்டு அனுப்பிய கடிதத்தை மருமக போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் கேட்டு வாங்கினேன். ஓரத்தில் நீ பேனாவால் கூட்டிப் போட்டிருக்கிறாய். 50, 20, 10, 10, 10. கீழே 100 என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் அச்சடித்த 70-ஐத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்திருக்கிறாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

கண்ணு, அந்தக் கணக்கில் தப்பு இல்லை. கருவூலத்தில் காலமெல்லாம் பென்ஷன் தாள் பார்த்தவள் சொல்கிறேன், நம்பு. வி.ஏ. சதவீதங்களைக் கூட்டாது. முழு மனுஷன் 100 என்று வைத்துக்கொண்டு, பெரிய பாதிப்பை முதலில் கழிக்கும். அடுத்ததை மீதியிலிருந்துதான் எடுக்கும். உன்னுடையதைப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் 10, 10. சேர்த்தால் 19 வரும். இடதும் வலதும் சேர்ந்து கெட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு கூடக் கொடுப்பார்கள். ஆக 20.9, அதாவது 21. மனதில் தங்கிவிட்ட அதிர்ச்சிக்கு, அதான் பி.டி.எஸ்.டி.க்கு, 50 போக மீதி 50. அதில் 21 சதவீதம் பத்தரை, மொத்தம் 61. மீதி 39-இல் இடுப்புக்கு 20 சதவீதம், 69. மீதி 31-இல் காது இரைச்சலுக்கு 10 சதவீதம், 72. கடைசியில்தான் பக்கத்துப் பத்துக்குக் கொண்டுபோவார்கள். 70.

உன்னை யாரும் 30 சதவீதம் ஏமாற்றவில்லை. அதற்காக இவ்வளவு மனதைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே.

ஆனால் நீ அடித்துவிட்ட அந்த 70-தான் உனக்கு வேண்டிய எண். வேலை பார்க்க முடியாதவர்களுக்கு டி.டி.ஐ.யூ. என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு வாசல் இரண்டு. ஒரே பாதிப்பு 60 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பல பாதிப்புகளில் ஒன்றாவது 40 இருந்து, எல்லாம் சேர்ந்து 70 வர வேண்டும். உனக்கு ஒன்று 50, மொத்தம் 70. விதி கேட்கிற இரண்டும் உன்னிடம் இருக்கிறது. 30, 30, 30, 20 என்று வாங்கியவனுக்கும் அவர்கள் கணக்கில் 70 வரும். ஆனால் தனியாக 40 இல்லாததால், ஒரே விபத்தில் வந்ததை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று அவன் அலைய வேண்டும், அல்லது விதிவிலக்காக மேலிடத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். உனக்கு அந்த அலைச்சல் இல்லை. கிடைத்தால் 70-லேயே 100-க்கு உண்டான தொகையைக் கொடுப்பார்கள். 2025 கணக்கில் தனி ஆளுக்கு 70-க்கு மாதம் 1,759 டாலர், 100-க்கு 3,831. உனக்குக் குடும்பம் இருப்பதால் இன்னும் கூடும்.

21-8940 என்பது இதைக் கேட்கிற படிவத்தின் எண். மருமக பிரின்ட் எடுத்து மேசையில் வைத்திருக்கிறாளாம். அதன் மேல் நீ தட்டு வைத்துச் சாப்பிடுகிறாயாம்.

அதில் கையெழுத்துப் போட்டால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிறாயா? அப்படி இல்லை. அவளுடைய அண்ணன் கடையில் நீ நிற்கிற சில மணி நேரம் இதைக் கெடுக்காது. ஒரு ஆளின் வறுமைக்கோட்டுக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 16 ஆயிரம் டாலருக்கு, கீழே சம்பாதிப்பதை அவர்கள் நிலையான வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. நாளைக்கு உடம்பும் மனசும் தேறி நல்ல வேலையில் சேர்ந்தாலும், தொடர்ந்து 12 மாதம் அதில் நிலைத்தால் ஒழிய, வேலைக்குப் போனதை மட்டும் காரணம் காட்டி இதை எடுத்துவிட முடியாது. சட்டத்திலேயே இருக்கிறது. திரும்பி வர வழி வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நீ கேட்கப்போவது தெரியும். "எனக்கு வேலை கிடைக்காமல் இல்லையேம்மா." கிடைக்கிறது. கிடைப்பது வேறு, நிலைப்பது வேறு. இரண்டில் எது முடியாவிட்டாலும் சட்டம் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கிடங்கு வேலையை ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நீயாகச் சொல்கிற வரைக்கும் கேட்கவும் மாட்டேன். படிவம் கேட்கும். நீ வேலை பார்த்த கடைசி ஐந்து வருஷத்தில் எங்கே, எத்தனை மணி நேரம், உடம்புக்கு முடியாமல் எத்தனை நாள் போகவில்லை என்று எல்லாம் கேட்கும். அதை மட்டும் மறைக்காமல் எழுது.

இன்னொன்று. படிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. உன் எம்.எஸ்.ஸுக்கு எடுத்த பேங்க் லோன் முடிந்த அன்றைக்கு அப்பா தெருவெல்லாம் ஸ்வீட் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறமை பார்த்துப் பட்டாளத்துக்கு எடுத்த மாவ்னி திட்டத்தின் மொழிகளில் தமிழும் இருந்தது, தமிழ் பேசத் தெரிந்ததற்காக என் மகனை அமெரிக்கா சேர்த்துக்கொண்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறார். அந்தப் படிப்பைத்தான் இப்போது நினைத்துப் பயப்படுகிறேன். எம்.எஸ். படித்தவன் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாமே என்று கேட்பார்கள். படிப்பையும் முன் வேலையையும் அவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். ஆகவே டாக்டர் "பி.டி.எஸ்.டி. இருக்கிறது" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறான், திடீர்ச் சத்தம் கேட்டால் அதன்பின் வேலையில் கவனம் நிற்கிறதா, மேலதிகாரி குரலை உயர்த்தினால் என்ன ஆகிறது என்று எழுதித் தர வேண்டும். இதெல்லாம் டாக்டருக்குத் தெரிய வேண்டுமென்றால் நீ வாயைத் திறக்க வேண்டும், கண்ணு. எங்களிடம் சொல்லாவிட்டால் பரவாயில்லை. அவரிடம் சொல்.

கம்மவான்பேட்டைப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் எங்கள் கருவூலத்துக்குப் பென்ஷன் நேர்காணலுக்கு வருவார்கள். கை நடுங்கும், "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். கூட வந்த வீட்டம்மாதான் பின்னால் நின்று தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பழகியவள் நான். போன தடவை வீடியோவில் நீ "நல்லாத்தான் இருக்கேன்" என்றபோது மருமக பின்னால் நின்றிருந்தாள்.

சரி. தனியாகப் போய் அனுப்பாதே. கேட்டால் பழைய சதவீதங்களையும் ஒரு முறை திரும்பப் பார்க்கக்கூடும். அதனால் தெரிந்தவர் கையால் போகட்டும். உங்கள் கவுண்டியிலேயே வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர் இருக்கிறார். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் என்கிற பழைய பட்டாளத்துக்காரர் சங்கங்கள் எல்லாமே இதற்குக் காசு வாங்குவதில்லை. வருகிற பணத்தில் பங்கு தருகிறாயா என்று கேட்கிறவனிடம் போகாதே. படிவம் முழுக்க எழுத மனசில்லை என்றால், விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்கிற "இன்டென்ட் டு ஃபைல்" மட்டுமாவது இந்த வாரம் கொடுத்துவிடு. ஒரு வருஷத்துக்குள் மீதியைக் கொடுத்தால் கொடுத்த தேதியைப் பிடித்துவைப்பார்கள். தேதிதான் பணம். தள்ளிப்போட்ட மாதத்துக்கு நிலுவை கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், என் பிள்ளைக்குச் சொல்ல வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. மருமக போனில் 988 என்ற எண்ணைப் போட்டு வைக்கச் சொன்னேன். அழைத்து 1-ஐ அழுத்தினால் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கென்றே ஆள் பேசுவார்களாம், ராத்திரி எந்நேரமும். உன் போனிலும் போட்டுக்கொள். ஏன் என்று கேட்காதே. சும்மா போட்டுக்கொள், அம்மாவுக்காக.

படிவத்தை அனுப்பிவிட்டு ஒரு மெசேஜ் போடு. பேச வேண்டாம். "அனுப்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை போதும். போடவில்லை என்றால் நான் மருமகளைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவள் பாவம்.

அன்புடன்
அம்மா

பி.கு.: கிடங்குக்காரர்கள் பூர்த்தி செய்து தர வேண்டிய தாள் 21-4192. நீ அங்கே போக வேண்டாம். ஆபீசரையே அனுப்பச் சொல்.