பருமனான பிள்ளைங்களுக்கு டயட் சார்ட் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல டீன் ஏஜ் பிள்ளைங்களோட உடல் பருமன் பத்தி ஒரு பக்க கட்டுரை வந்துச்சு. எவ்ளோ நேரம் தூங்கணும், எவ்ளோ நேரம் விளையாடணும், என்ன குறைக்கணும்னு எல்லாம் எழுதிருந்தாங்க, தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த பிள்ளையோட மனசு என்ன பாடு படும்னு ஒரு வரி கூட இல்ல. அதுக்கும் மேல கட்டுரைக்கு போட்டிருந்த படம், தலையே இல்லாம வெறும் வயிறு மட்டும் தெரியற மாதிரி ஒரு பையன். என் பொண்ணு அத பாத்துட்டு பேப்பர மடிச்சு கவுத்து வெச்சுட்டு பேசாம ரூமுக்கு போய்ட்டா. அவளுக்கு 15 வயசு. அதனால தான் இத எழுதுறேன்.

அவளுக்கு 11 வயசுலேருந்து வெயிட் ஏற ஆரம்பிச்சுது. நாங்க அப்ப செஞ்சத எல்லாம் இப்ப நெனச்சா நெஞ்சு அடைக்குது. ஞாயித்துக்கிழமை ஆனா மெஷின்ல ஏத்தி நம்பர நோட்ல எழுதுவோம், கொறஞ்சா அன்னிக்கு வீடே சந்தோஷமா இருக்கும், ஏறுனா அவங்க அப்பா பேசமாட்டாரு, நான் பேசிட்டே இருப்பேன், வர்ற சொந்தக்காரங்க ஆளுக்கொரு யோசனை சொல்வாங்க, இவ தலைய குனிஞ்சுட்டே உக்காந்திருப்பா. ஸ்கூல்ல ஒரு டீச்சர் எல்லா பிள்ளைங்க முன்னாடியும் வெயிட் பாத்து சத்தமா நம்பர சொன்னாங்க, அன்னிலேருந்து ஒரு பட்டப்பேரு. பிடி பீரியட்னா வயித்து வலி வந்துடும். க்ளாஸ் போட்டோ எடுக்குற நாள் லீவு. பகல் முழுக்க சாப்பிடாம இருந்துட்டு ராத்திரி நாங்க தூங்கினப்புறம் கிச்சன்ல லைட் கூட போடாம நின்னுட்டு வேக வேகமா சாப்பிடுவா. நான் அத திருட்டுத்தனம்னு சொல்லி திட்டினேன்.

அது திருட்டுத்தனம் இல்ல, அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு எனக்கு சைக்காலஜிஸ்ட் சொல்லித்தான் தெரியும். பிங்ஜ் ஈட்டிங், அதாவது நிறுத்தணும்னு நெனச்சாலும் நிறுத்த முடியாம சாப்பிடறது, அப்புறம் உக்காந்து தன்னையே வெறுக்கறது. 2013லயே இத தனி மனநல பிரச்சனையா டாக்டர்கள் பயன்படுத்துற கையேட்டுல சேத்துட்டாங்க. எல்லா பருமனான பிள்ளைக்கும் இது இருக்கும்னு சொல்லல. ஆனா இருக்கற பிள்ளைக்கு கண்டிப்பான டயட் சார்ட் குடுத்தா என்ன ஆகும்னு யோசிங்க, பகல்ல இன்னும் பட்டினி, ராத்திரி இன்னும் அதிகம், காலைல இன்னும் குற்ற உணர்ச்சி.

தெரபின்னதும் நான் என்னமோ நெனச்சேன், அவள உக்கார வெச்சு ஒழுங்கா சாப்பிடுனு புத்தி சொல்லுவாங்கன்னு. முதல் மூணு தடவை வெயிட்டுங்கற வார்த்தையே அந்த சைக்காலஜிஸ்ட் எடுக்கல. தூக்கம் எப்படி, ஃப்ரெண்ட்ஸ் யாரு, எப்ப அழுக வருது, இதான். அப்புறம் ஒரு நோட்டு குடுத்தாங்க, எங்க ஞாயித்துக்கிழமை நோட்டு மாதிரி இல்ல, இதுல என்ன நடந்துச்சு, அப்ப மனசுல என்ன ஓடுச்சு, என்ன பண்ணின, இது மட்டும் எழுதணும். "க்ளாஸ்ல நுழைஞ்சா எல்லாரும் என்னையே பாக்குறாங்க"னு அவ எழுதிருந்தா. சரி நாளைக்கு நிஜமாவே எத்தன பேரு பாக்குறாங்கன்னு எண்ணிட்டு வான்னாங்க. ரெண்டு பேரு, அதுல ஒருத்தி சிரிச்சு கை காட்டிருக்கா. காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, அதாவது நெனப்பையும் நடந்துக்கறதையும் மாத்தப் பழக்கற சிகிச்சைங்கறது பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன சின்ன வேலை தான், மந்திரம் எதுவும் கிடையாது. அதோட வேளைக்கு சாப்பிடணும், எந்த வேளையும் விடக்கூடாதுன்னாங்க. எனக்கு பயமா இருந்துச்சு, ஆனா பகல்ல ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சதும் ராத்திரி கிச்சனுக்கு போறது கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு.

அப்புறம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அது தான் கஷ்டமான நாள். 2013ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வ பத்தி சொன்னாங்க, பெத்தவங்க வெயிட் வெயிட்னு பேசுற வீட்டு பிள்ளைங்ககிட்ட தப்பான டயட்டும் பிங்ஜும் அதிகம் இருந்துச்சாம், ஆரோக்கியமான சாப்பாட்ட பத்தி மட்டும் பேசுற வீடுகள்ல கம்மியாம். மெஷின தூக்கி பரண்ல போடுங்க, அவளுக்குன்னு தனி தட்டு தனி சாப்பாடு வேணாம், மாத்தறதா இருந்தா மொத்த வீட்டுக்கும் மாத்துங்கன்னாங்க. அவங்க அப்பா திரும்பி வர்ற வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல, வீட்டுக்கு வந்ததும் அவரே மெஷின பரண்ல போட்டாரு.

இது எங்க ஒரு வீட்டு கதை இல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி 2022ல 5லேருந்து 19 வயசுக்குள்ள 39 கோடிக்கும் மேல பிள்ளைங்க அதிக எடையோட இருந்தாங்க, அதுல 16 கோடி பேருக்கு உடல் பருமன். பரம்பரை, தூக்கம், சில மாத்திரைங்க, மன அழுத்தம், சுத்தி என்ன கிடைக்குதுங்கறது எல்லாம் இதுல சேருது, சோம்பேறித்தனம்னு ஒரே வார்த்தைல தள்ளிடறது பெரிய அநியாயம். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல 12 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பருமனான பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் டிப்ரஷன் இருக்கானு பாக்கணும்னு தெளிவா இருக்கு, பழக்கத்த மாத்தற சிகிச்சையும் குடும்பத்தோட சேத்து 3லேருந்து 12 மாசத்துக்குள்ள 26 மணி நேரத்துக்கு குறையாம நேர்ல குடுக்கணும்னு இருக்கு. 26 மணி நேரம்! எங்களுக்கு முதல்ல பாத்த இடத்துல பத்து நிமிஷத்துல ஒரு சார்ட்ட கைல குடுத்து அடுத்த ஆள கூப்பிட்டாங்க.

ஒண்ணு சொல்லிடறேன், தெரபி போனா வெயிட் கொட்டிடும்னு யாரும் நெனச்சு போகாதீங்க. என் பொண்ணுக்கு பெருசா கொறையல. பிபி, சுகர், லிவர் டெஸ்ட்டுக்கு டாக்டர்கிட்டயும் போயிட்டு தான் இருக்கோம், அத விடக்கூடாது, மருந்தோ ஆபரேஷனோ தேவப்படற பிள்ளைங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் கூட இந்த மனசு பக்கம் துணை வேணும். ஆனா அவ இப்ப தூங்குறா. பிடி பீரியட்ல ஓடுறா. இந்த வருஷம் க்ளாஸ் போட்டோவுல ரெண்டாவது வரிசைல நிக்குறா. கிலோ கொறையலங்கறதுக்காக இத தோல்வின்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பிள்ளை செத்துடலாம்னு இருக்குன்னு ஒரு தடவ சொன்னா கூட விளையாட்டுக்குன்னு விட்டுடாம அன்னிக்கே கூட்டிட்டு போங்க, இத படிக்கிற அம்மா அப்பா யாரா இருந்தாலும்.

உங்ககிட்ட ரெண்டு கேக்கணும். இதுக்கான தெரபி பத்தி, எந்த வயசுல என்ன பண்ணுவாங்க, எத்தன நாள் ஆகும்னு ஒரு கட்டுரை விவரமா போடுங்க. இன்னொண்ணு அந்த படம். 2020லயே பல நாட்டு மருத்துவ அமைப்புங்க சேந்து ஒரு அறிக்கை விட்டுருக்காங்க, பருமனா இருக்கறவங்கள கேவலப்படுத்துற மாதிரி காட்டாதீங்கன்னு பத்திரிகை டிவிக்கும் சேத்து தான் கேட்டிருக்காங்க. அடுத்த தடவை போடும்போது முகத்தோட, சைக்கிள் ஓட்டுற மாதிரியோ படிக்கிற மாதிரியோ ஒரு பிள்ளைய போடுங்க.

இந்த லெட்டர அவகிட்ட காட்டிட்டு தான் அனுப்புறேன். முழுசா படிச்சா. அவ வெயிட் எவ்ளோனு ஒரு இடத்துல எழுதிருந்தேன், அத எடுத்துடும்மான்னா. எடுத்துட்டேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா