உள்சூட்டை அளக்கும் சென்சாரை நம் வெயிலில் சோதித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் காலம் வந்ததும் உங்கள் நாளிதழில் தினமும் பாளையங்கோட்டை 102, 104 என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள், மோர் குடியுங்கள், மதியம் வெளியே அலையாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதையும் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் வெயிலில் வேலை பார்க்கிற ஆளின் உடம்புக்குள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதை எப்படி அளப்பது, அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. கொரோனா சமயத்தில் வாங்கின, நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர்தான் இன்னும் பல செங்கல் சூளைகளிலும் கல்குவாரிகளிலும் மேஸ்திரி கையில் இருக்கிறது. அது காட்டுகிற எண்ணை நம்பி, மயங்கி விழுந்தவரை நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போவது உயிருக்கே ஆபத்து.

என்னிடம் படித்த ஒருவர் கணக்கு எழுதுகிற சூளையில் போன சித்திரையில் அப்படித்தான் நடந்தது. கல் அடுக்கிக்கொண்டிருந்தவர் கால் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டால் துடைத்துவிட்டு, அதற்கப்புறம் நெற்றியில் கருவியைக் காட்டியிருக்கிறார்கள். 98 சொச்சம். "நார்மல்தான் அண்ணாச்சி, கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது, கருவி அப்படித்தானே காட்டியது. விழுந்தவரின் மனைவி அதைக் காதில் வாங்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அதனால் பிழைத்தார். அங்கே ஆசனவாய் வழியாக வைத்துப் பார்த்தபோது 105-க்கு மேல்.

இரண்டு எண்ணுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் எப்படி என்று கேட்பவர்களுக்காக, இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நெற்றிக் கருவி பிடிப்பது அகச்சிவப்புக் கதிரை. நம் உடம்பு விடுகிற அந்தக் கதிர் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது, அந்த அலைநீளத்துக்குத் தோல் ஒரு சுவர் மாதிரிதான், ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலிருந்துகூட எதுவும் வெளியே வராது. ஆக கருவிக்குக் கிடைப்பது மேல்தோலின் சூடு மட்டுமே. அதோடு ஒரு கணக்கைக் கூட்டி 'உடல் வெப்பம்' என்று திரையில் காட்டுகிறது, அந்தக் கணக்கோ காற்றோட்டமில்லாத அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிற ஆளுக்காகப் போட்டது. வியர்வை ஆவியாகும்போது நெற்றி குளிர்ந்துவிடும், உள்ளே கொதித்துக்கொண்டிருந்தாலும் நார்மல் என்று காட்டும். வெறும் வெயிலில் நடந்து வந்த நல்ல ஆரோக்கியமான ஆளுக்குக் காய்ச்சல் என்றும் காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை, அதன் வேலையே வேறு.

ஹீட் ஸ்ட்ரோக் என்பது உள்சூடு 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தாண்டி, கூடவே புத்தியும் தடுமாறுவது. முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைப்பதில்தான் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. ஆகவே வெயிலில் வேலை பார்த்தவர் உளறினால், நடை தள்ளாடினால், எந்தத் தெர்மாமீட்டருக்காகவும் காத்திருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய், மேல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும்.

சரி, தடுமாறுவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி என்ன? அக்குளில் வைத்தால் அங்கேயும் வியர்வை. வாயில் வைத்தால் சற்று முன் குடித்த தண்ணீர் கணக்கைக் கெடுக்கும். டாக்டர்கள் நம்புவது ஆசனவாயை, ஆபரேஷன் தியேட்டரில் உணவுக்குழாயை. வேலைத்தளத்தில், அதுவும் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை பார்க்கிற இடத்தில், இதற்கு யார் சம்மதிப்பார்கள்? அந்தக் கூச்சம் நியாயமானது. அதனால்தான் உடம்புக்குள் எதையும் நுழைக்காமல் உள்சூட்டை அறிகிற சென்சார் நம் ஊருக்குத் தேவை என்கிறேன்.

அப்படி ஒன்று 1971-லேயே வந்துவிட்டது. லண்டனில் ஃபாக்ஸ், சால்மன் என்ற இரண்டு பேர் செய்தது. உள்ளேயிருந்து வெளியே சூடு ஓடிக்கொண்டே இருப்பதால்தான் தோல் உள்ளே இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது, அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டால்? தோல் மேல் வெப்பம் கடத்தாத ஒரு பட்டையை ஒட்டி, அதன் மேல்பக்கம் சின்ன ஹீட்டர் வைத்து, பட்டையின் இரண்டு பக்கமும் ஒரே சூடு வரும்வரை சூடாக்கினார்கள். வெளியேற வழியில்லாததால் ஆழத்தில் உள்ள சூடு மெல்ல மேலே வந்து தோலிலேயே தெரிந்துவிடுகிறது. இட்லி வைத்து இறுக்கி மூடிய ஹாட்பாக்ஸில் மூடியின் உள்பக்கமும் இட்லி அளவுக்குச் சூடேறிவிடுமே, அதே விஷயம். இன்றைக்கு நெற்றியில் ஒட்டுகிற பட்டையாக ஆபரேஷன் தியேட்டர்களுக்கு இது விற்பனைக்கு இருக்கிறது, மயக்க மருந்தில் நோயாளியின் உடம்பு குளிர்ந்துபோகிறதா என்று பார்க்க. ஒட்டியதும் சொல்லாது, சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

ஹீட்டர் இல்லாத வகையும் உண்டு. வெப்பம் கடத்தாத பட்டையின் இருபுறமும் ஒவ்வொரு சென்சார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று கணக்கிட்டு உள்ளே எவ்வளவு இருக்கும் என்று சொல்வது. ஜெர்மனியில் உருவான இந்த வகை சென்சாரைச் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே வீரர்கள் நெற்றியில் கட்டியிருந்தார்கள், மாதக்கணக்கில் அங்கே இருந்தால் உள்சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் கூடிவிடுகிறது என்று 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது அதை வைத்துத்தான். இன்னொரு வழி மைக்ரோவேவ். நம் உடம்பு அந்த அலைகளையும் மிக மிக மெலிதாக விட்டுக்கொண்டிருக்கிறது, அவை சில சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து தப்பி வெளியே வருகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேரட், மையர்ஸ் இருவரும் 1975-ல் இதைக் காட்டினார்கள். பேரட் ரேடியோ வானியல்காரர், நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து வரும் அலையைக் கேட்கிற கருவியை மனித உடம்பின் பக்கம் திருப்பியிருக்கிறார், எனக்கு இதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் செல்போன் இருந்தாலே அந்த மெலிந்த சிக்னல் குழம்பிவிடும், வேலைத்தளத்துக்கு இப்போதைக்கு ஆகாது.

இனிதான் முக்கியமான விஷயம். இந்தப் பட்டைகள் எல்லாம் சோதிக்கப்பட்டது பெரும்பாலும் ஏசி போட்ட ஆபரேஷன் தியேட்டரிலும் குளிர் நாடுகளிலும். அங்கே உடம்பைவிட வெளிக்காற்று குளிர்ச்சி, சூடு எப்போதும் உள்ளேயிருந்து வெளியேதான் ஓடும். நமக்கு அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், கேரளா நனைந்துகொண்டிருக்கும் ஆனி ஆடியிலும் பாளையங்கோட்டையில் 100-ஐத் தாண்டும். வெளியே 104, சூளைப் பக்கத்தில் அதற்கும் மேல் என்றால் சூடு வெளியேயிருந்து உடம்புக்குள் ஓடுகிறது. வெறும் ஹீட்டரால் அந்த ஓட்டத்தை நிறுத்தவே முடியாது, ஏனென்றால் அப்போது தேவை பட்டையைக் குளிர்விப்பது. கணக்குப் போடும் வகையிலும் சூடு எதிர்த்திசையில் ஓடும்போது சூத்திரம் சரிவருகிறதா என்று சரிபார்க்க வேண்டும், போதாததற்கு வியர்வையில் பட்டை வேறு உரிந்து வரும். ஓட்டக்காரர்கள் மார்பில் கட்டுகிற சென்சார்கள் கடும் உழைப்பில் எவ்வளவு நம்பகம் என்பதிலும் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் வாங்கி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது, இங்கேயே சோதித்துப் பாருங்கள் என்பது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்துவிட்டது, இறந்தபின் நிவாரணம் கொடுப்பதோடு இறக்காமல் இருக்கவும் அந்தப் பேரிடர் நிதியிலிருந்து கொஞ்சம் செலவு செய்யலாம். ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் இருக்கிறார்கள், அரசு பொறியியல் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது. ஹீட்டருக்குப் பதிலாகச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்கிற பெல்ட்டியர் சில்லு, சூட்டை அளக்கிற தெர்மிஸ்டர் இரண்டு, ஒரு சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, இவற்றை வைத்து மாணவர்களே ஒரு மாதிரிக் கருவி செய்யலாம், எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான்தான். டாக்டர் மேற்பார்வையில், சம்மதிக்கிறவர்களிடம் மட்டும், ஆசனவாய் அளவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அதைச் சித்திரை மதியத்தில் உப்பளத்திலும் சூளையிலும் செய்ய வேண்டும். வித்தியாசம் அரை டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் துணிந்து பயன்படுத்தலாம், நிற்காவிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கத்திரிக்குள் ஆகாது, அடுத்த பங்குனிக்குள் ஆயத்தமாகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ யாராவது இதில் இறங்கினால், வெப்ப ஓட்டக் கணக்கை மாணவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க நான் வருகிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை