தீட்டாத அரிசிக்கு ஏன் கூட விலை? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், ஸலாம்.

"தீட்டுற கூலி மிச்சம், தவிடும் அரிசியோடயே நிக்குது. அப்ப இந்தச் சிவப்பரிசிக்கு ஏன் கூட விலை?" கடைக்கு வருகிற பலர் இதைக் கேட்கிறீர்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருப்பவர்கள் கேட்கும்போது விபரமாகவே பதில் சொல்ல வேண்டும். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. தீட்டினால் இன்னும் பத்தில் ஒரு பங்களவு தவிடாகப் போகும். தீட்டாவிட்டால் அதுவும் அரிசியோடு நிறுவையில் நிற்கும். அதுவரை உங்கள் கணக்குச் சரி.

விலை ஏறுவது வேறு இடங்களில். பச்சைப்பெருமாள், களுஹீனட்டி போன்ற பழைய இனங்கள் ஏக்கருக்குத் தருகிற விளைச்சல் புதிய இனங்களைவிட நன்றாகக் குறைவு. பயிர் உயரமாக வளரும், மழைக்கும் காற்றுக்கும் சாய்ந்துவிடும். வருகிற நெல்லும் கொஞ்சம் என்பதால் மில்லை நிறுத்தி, துப்புரவாக்கி, தனியாகக் குற்ற வேண்டும். அப்புறம் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. வெள்ளை அரிசியைப்போல மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் சிக்கு மணம் வரும், வண்டும் பிடிக்கும். அதனால் நெல்லாகவே வைத்து, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றுகிறோம். ஒவ்வொரு தடவையும் வண்டிக் கூலி, மில் கூலி.

சரி, இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் கூடுதல் காசு கொடுத்து வாங்குவாரா? காரணம் விளங்குவதாலே மட்டும் யாரும் வாங்குவதில்லை. உடம்புக்கு நல்ல உணவுக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்களா என்று கேட்டால் பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். காசை எடுத்து வைக்கும் நேரத்தில் அந்த ஆம் சுருங்கிவிடும். ஆய்வுகள் பலவற்றில் கண்டது இது, எங்கள் கடையிலும் இதுதான் நடக்கிறது. கிளினிக்கில் சீனி வருத்தம் என்று சொன்ன கையோடு வந்து ஐந்து கிலோ வாங்குவார்கள். அடுத்த மாதம் ஆளைக் காணக் கிடைக்காது. விசாரித்தால் பிள்ளைகள் சாப்பிடவில்லை, வேக நேரமாகிறது, காஸ் முடிகிறது என்பார்கள். மூன்றும் நியாயமான காரணங்கள். சத்தைச் சொல்லி ஒரு தடவை விற்கலாம். இரண்டாம் தடவை வாங்க வைப்பது ருசியும் சமைக்கிற வசதியும்தான். இரவே ஊறவைத்தால் காலையில் வேகும் நேரம் நன்றாகக் குறையும். பிள்ளைகளுக்கு முதலில் வெள்ளை அரிசியில் கால்பங்கு கலந்து பழக்குங்கள்.

கையில் காசு இல்லாத காலத்தில் எந்த அறிவுரையும் எடுபடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அதாவது ஒரு வருடத்தில் உணவு விலை ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த நாட்களில் ஆகக் குறைந்த விலை அரிசிக்கு மாறிய தாய்மாரை 'விபரம் அறியாதவர்கள்' என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் வயிறு நிறைகிற வழியைப் பார்த்தார்கள். நல்ல உணவு எங்கள் அலுமாரியில் மட்டும் இல்லை. வேலியில் நிற்கிற முருங்கையும், காலையில் கரைக்கு வருகிற சூடை மீனும், அவித்த கச்சானும் விலையுயர்ந்த சத்துமா டின்னுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. மாதச் செலவு இறுக்கமாக இருந்தால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.

இனி நம்பிக்கை. மீனென்றால் செவுளைப் பார்த்து வாங்கலாம், மாம்பழமென்றால் தின்று பார்த்து அறியலாம். அரிசி உடம்புக்குச் செய்த நன்மையைத் தின்ற பிறகும் கண்டுகொள்ள முடியாது. டார்பி, கார்னி என்ற பொருளியலாளர்கள் இருவர் 1973இல் இப்படிப்பட்ட பண்டங்களைப் பற்றி எழுதினார்கள். வாங்கிப் பாவித்தும் தரம் தெரியாத இடத்தில் ஏமாற்ற இடமிருக்கிறது என்பது அவர்கள் காட்டிய விடயம். அதனால்தான் பையில் என்ன எழுதுகிறோம் என்பதில் நாங்கள் இவ்வளவு கவனம் எடுக்கிறோம்.

மென்பானப் போத்தல்களில் 2016 முதல் இருக்கிற நிறவட்டத்தைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைவென்றால் பச்சை. பொடி எழுத்தை வாசிக்க நேரமில்லாதவருக்கும் அது விளங்கும். சில்லறை அரிசிக்கு அப்படி ஒரு வட்டம் இல்லை. ஆகவே இனி எங்கள் பைகளில் நெல்லின் இனம், விளைந்த ஊர், போகம், குற்றிய திகதி நான்கும் பெரிய எழுத்தில் இருக்கும்.

'சேதனம்' (இரசாயனம் சேர்க்காமல் விளைந்தது) என்ற சொல், சான்றிதழ் உள்ள பொருளில் மட்டும் இருக்கும். எங்களுக்கு நெல் தருகிறவர்களில் இரசாயனப் பசளையைக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள், அடியோடு விட்டவர்கள் எல்லாரும் இல்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு நவம்பரில் அந்தத் தடை விலகுவதற்குள் வேளாண்மை செய்தவர் பட்ட பாட்டை இந்தப் பகுதிக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்தச் சொல்லை விலை ஏற்றுவதற்காக ஒட்டுவது அவர்களுக்கும் உங்களுக்கும் செய்யும் அநியாயம்.

'சீனி வருத்தம் தீரும்' என்றும் எழுத மாட்டோம். தவிட்டோடு நார்ச்சத்தும் பி வகை விற்றமின்களும் நிற்கும், அது உண்மை. ஆனாலும் அது சோறுதான், மாச்சத்து அதிலும் இருக்கிறது. சிவப்பரிசி என்று இரண்டு கோப்பை கூடுதலாகச் சாப்பிட்டால் பலனில்லை. மருந்தை நிறுத்துவது பற்றி வைத்தியரைத் தவிர யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

சாப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அரைக் கிலோ பையும் போடுகிறோம், கிலோக் கணக்கில் அதே விலைதான். வாங்கிய அரிசியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். அதற்குள் வண்டோ மணமோ கண்டால் பையோடு கொண்டு வாருங்கள், மாற்றித் தருவோம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
களுவாஞ்சிகுடி