பாப்பாவின் ஒன்பதாம் மாத ஊசி

பாலக்கோடு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை. "பத்து வருஷ வேலையைப் பத்து மாசத்தில் முடித்தார்களே, கொரோனா ஊசியை அப்படி அவசரமாக ஒப்புக்கொண்டது சரியா? பாப்பாவின் ஒன்பதாம் மாத ஊசியையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடட்டுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டாய். இரண்டும் வேறு வேறு கேள்வி. முதலாவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை.

அந்தப் பத்து வருஷம் எங்கே போகிறது என்று முதலில் பார். மனிதர்களிடம் செய்யும் பரிசோதனையின் முதல் கட்டத்தில் சில பத்துப் பேர், அடுத்ததில் சில நூறு பேர், மூன்றாவதில் ஆயிரக்கணக்கானோர். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு பணம் தேட வேண்டும், கோப்பு அனுப்ப வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒப்புதல் கைக்கு வந்தால்தான் ஆலையில் பெரிய அளவில் தயாரிப்பார்கள். 2020இல் வெட்டியது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான். ஒரு கட்டம் நடக்கும்போதே அடுத்ததைத் தொடங்கினார்கள். ஒப்புதல் கிடைக்காவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான் என்று தெரிந்தே குப்பிகளை நிரப்பி வைத்தார்கள். கிருமியின் ஒரு புரதத்தைச் செய்ய உடம்புக்கே குறிப்பு கொடுக்கிற எம்ஆர்என்ஏ முறையும் (ஃபைசர் ஊசி அந்த வகைதான்) திடீரென்று முளைத்தது இல்லை. விஞ்ஞானிகள் காரிக்கோவும் வைஸ்மனும் அதற்கான முக்கியமான வழியைக் கண்டு எழுதியது 2005இல், நோபல் வந்தது 2023இல்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பரிசோதனை எத்தனை நாளில் முடியும் என்பதை நோய் பரவும் வேகம்தான் தீர்மானிக்கும். ஃபைசர் பரிசோதனையில் 43,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் 170 பேருக்கு நோய் வந்ததும் கணக்குப் பார்த்தார்கள். 162 பேர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத உப்புநீர் ஊசி போட்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டவர்கள். நோய் நிதானமாகப் பரவியிருந்தால் அந்த 170 பேர் சேரவே வருஷக்கணக்கில் ஆகியிருக்கும்.

ஆனால் சுருக்க முடியாதவை இரண்டு உண்டு: நாளும் தலைக்கணக்கும். தடுப்பூசியின் மோசமான விளைவுகள் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவில், பரிசோதனையில் இருப்பவர்களில் பாதிப் பேராவது கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு மாதம் கண்காணிப்பில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். தலைக்கணக்குக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள். ஊசி போட்டவர்களில் ஒருவருக்கும் ஒரு குறிப்பிட்ட கோளாறு வரவில்லை என்றால், போட்டவர் எண்ணிக்கையை மூன்றால் வகு. கோவாக்சினின் மூன்றாம் கட்டத்தில் 25,800 பேர், அதில் பாதி, சுமார் 12,900 பேர் நிஜ ஊசி போட்டவர்கள். மூன்றால் வகுத்தால் 4,300. அதாவது 4,300 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய கோளாறுகூட அந்தப் பரிசோதனையில் கண்ணில் படாமல் போகலாம். லட்சத்தில் ஒருவருக்கு வருவது பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. ஊருக்கெல்லாம் போட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அப்படித்தான். சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகிக்கொள்வது தெரிந்து, 1999இல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் வந்த இரண்டு ரோட்டா மருந்துகளை ஒவ்வொன்றும் 60,000 குழந்தைகளுக்கு மேல் வைத்துச் சோதித்த பிறகே விட்டார்கள். ஆகவே ஒப்புதல் கொடுத்ததோடு சோதனை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இப்போது நம் நாட்டு விஷயம். 2021 ஜனவரி 3ஆம் தேதி கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் ஒரே நாளில் அவசர ஒப்புதல் கொடுத்தார்கள். கோவிஷீல்டுக்கு வெளிநாட்டு மூன்றாம் கட்ட முடிவு கையில் இருந்தது. இங்கேயும் 1,600 பேரிடம் பார்த்திருந்தார்கள். கோவாக்சினுக்கு அந்த முடிவு வரவில்லை. 'மருத்துவப் பரிசோதனை முறையில்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, போட்டுக்கொள்பவரிடம் கையெழுத்து வாங்கிப் போட்டார்கள். இடைக்கால முடிவு மார்ச் 3ஆம் தேதிதான் வந்தது. முழு முடிவு, பலன் 77.8 சதவீதம் என்று பிறகு வந்தது, உலக சுகாதார நிறுவனமும் நவம்பர் 3இல் ஏற்றுக்கொண்டது. ஊசி நல்ல ஊசிதான். ஒப்புதல் இரண்டு மாதம் முந்தி வந்தது என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல், கேட்டவர்களை எல்லாம் தேசத்துக்கு விரோதி மாதிரி பேசியதுதான் பெரிய தப்பு. ஜனவரி 16இல் தொடங்கியபோது முதலில் கை நீட்ட வேண்டியவர்களே டாக்டர்களும் நர்சுகளும். அவர்களிலேயே பலர் தயங்கினார்கள் என்றால் காரணம் அறியாமை இல்லை.

நம் பக்கத்து ஓசூர் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியது உனக்குத் தெரியுமா? கிண்டியில் 1948இலேயே பி.சி.ஜி. ஆய்வகம் வந்துவிட்டது, நாடு முழுக்க ஊசி போய்க்கொண்டிருந்தது. பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டார். அந்த ஆதாரத்தைத் தேடி 1968இல் செங்கல்பட்டில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பரிசோதனை தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனால் கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயை அது நன்றாகத் தடுக்கிறது, அதனால்தான் பாப்பாவுக்குப் பிறந்ததும் போட்டார்கள். ஊசி கெடுதல் என்று அவர் பயந்தது தப்பு, ஆதாரம் கேட்டது சரி. முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஆதாரம் தேடியது சரியான வரிசை ஆகாது.

ஒப்புதலின் வேகத்தைப் பற்றி டிவியில் விடிய விடிய பேசினார்களே, ஊசி நம் பக்கத்து மலை ஊர்களான பெட்டமுகிலாளத்துக்கும் சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்று எத்தனை பேர் பேசினார்கள்? சென்னைக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையத்து ஐஎல்ஆர் என்ற குளிர்பெட்டி என்று கடைசிவரை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள், குளிரிலும் கெடும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே ஊசி எடுத்துப் போகும் கேரியரில் வைத்தால் அதை ஒட்டியிருக்கும் குப்பி உறைந்துவிடும். கோவாக்சின், ஐந்து நோய்க்கான பெண்டாவேலன்ட், டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி எல்லாவற்றிலும் அலுமினிய உப்பு இருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அது கட்டிகட்டியாகப் பிரிந்துவிடும், பிறகு உருகினாலும் பலன் இல்லை. அதனால் ஐஸ்பேக்கை மேஜைமேல் பரப்பி, மேலே வியர்க்கும்வரை விட்டு, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் சளக்கென்று கேட்டால்தான் நாலு பக்கமும் நாலு பேக் வைத்து மூடலாம். அவசரப்படுத்துகிற அதிகாரி முன்னால் இந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் நர்சம்மாவின் திறமை.

அடுத்தது குப்பிக் கணக்கு. கோவிஷீல்டு குப்பியில் அரை மில்லி வீதம் பத்து டோஸ் இருந்தது. திறந்தால் நாலு மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருந்தது, மிச்சம் குப்பைக்குத்தான். மலைமேல் ஆறு பேர் மட்டும் வந்திருக்கிறார்கள். திறந்தால் நாலு டோஸ் வீண், வீணாக்கினால் மேலிடம் கேள்வி கேட்கும். பத்துப் பேர் சேரட்டும் என்று சொன்னால், ஒரு நாள் கூலியை விட்டு நடந்து வந்தவர் திரும்பிப் போவார், மறுமுறை வரமாட்டார். திறந்துவிடுவதே சரி. நாலு டோஸை விட அந்த ஆறு பேரின் நம்பிக்கை பெரிது.

கோவிஷீல்டின் இரண்டு டோஸுக்கு நடுவே உள்ள இடைவெளியை மாற்றியதும் குழப்பத்தைக் கூட்டியது. முதலில் நாலு வாரம், மார்ச்சில் ஆறிலிருந்து எட்டு வாரம், மே 13இல் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம். தள்ளிப் போட்டால் பலன் கூடுகிறது என்று பிரிட்டனில் ஆதாரம் இருந்தது நிஜம். ஆனால் அறிவிப்பு வந்தபோது எங்கே பார்த்தாலும் 'ஸ்டாக் இல்லை' போர்டு. சரக்கு இல்லாததால்தான் சொல்கிறார்கள் என்று ஜனங்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நடிகர் விவேக் ஏப்ரல் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பில் போனார். அன்று சாயங்காலமே இங்கே ஊருக்கு ஊர் வரிசை கலைந்தது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை என்று, ஊசிக்குப் பின் வரும் கோளாறுகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில். என்னைக் கேட்டால், ஒப்புதலின் வேகத்தை விட இந்தத் தாமதம்தான் அதிகம் கெடுத்தது. பதில் சொல்ல ஆறு மாதம் எடுத்துக்கொண்டால் அந்த ஆறு மாதமும் வதந்திதான் பேசும். பயந்து மயங்குவதற்கும் ஒவ்வாமைக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கே ஊர்க்காரர்களுக்குச் சொல்லியிருக்கலாம். மயங்கினவருக்கு நாடி மெதுவாக ஓடும், படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் சில நிமிஷத்தில் தெளிவார். ஒவ்வாமையில் நாடி வேகமாகவும் பலவீனமாகவும் ஓடும், உடம்பில் தடிப்பு எழும்பும், மூச்சில் இழுப்பு வரும். பெரியவர்களுக்கு உடனே தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லி அட்ரினலின் போட வேண்டும். முப்பது நிமிஷம் உட்கார வைப்பது அதற்காகத்தான்.

மெதுவாகப் போவதும் நல்லது என்று நினைத்துவிடாதே. பெரியவர்களுக்கான புதுக் காசநோய்த் தடுப்பூசி ஒன்று, எம்72, சுமார் பாதிப் பேரைக் காப்பாற்றும் என்று 2018இலேயே இரண்டாம் கட்டத்தில் தெரிந்தது. மூன்றாம் கட்டம் தொடங்கியது 2024 மார்ச்சில். பணம் போட ஆள் இல்லாமல் நடுவில் போன வருஷங்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி பாப்பாவின் விஷயம். ஒன்பதாம் மாதத்தில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா ஊசி. தட்டம்மைக்கு 1963இலிருந்தும் ரூபெல்லாவுக்கு 1969இலிருந்தும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டாகிவிட்டது. மூன்றால் வகுக்கிற கணக்குக்கே அங்கே வேலை இல்லை. கருவில் இருந்தபோது உன்னிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இந்த மாதத்தோடு குறைந்துவிடும், தட்டம்மையோ வீட்டுக்குள் ஒருவருக்கு வந்தால், எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒட்டும். தள்ளிப் போடாதே.

அது பொடியாக வரும், போடுவதற்கு முன் கூட வந்த நீரில் கலக்குவார்கள். அதே கம்பெனி நீராக இருக்க வேண்டும், கலக்கிய நேரத்தைக் குப்பிமேல் எழுதியிருக்க வேண்டும், நாலு மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது. இதைக் கேட்டுப் பார், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் வரலாம், அது இரண்டு மூன்று நாளில் தணியும். சளி இருந்தாலும் போடலாம், கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வாரம் போ.

நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமையே வந்துவிடுங்கள். இங்கே புதன்கிழமைதான் ஊசி போடும் நாள். பாப்பாவின் அட்டையை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா