கல்லீரல் கொழுப்பை ஆராயப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்ட நீ, கல்லீரலில் கொழுப்புச் சேர்வதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா என்று கேட்டிருந்தாய். "கல்லீரலைப் பார்க்கத்தான் டாக்டர்கள் இருக்கிறார்களே" என்று அக்கா சொல்வதும் என் காதுக்கு வந்தது. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்தத் துறையிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், மலேசியாவில் நம் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பதாலும் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

கொழுப்பு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். அது எங்கிருந்து வந்தது என்று துருவுவது நம் வேலை. 1904இல் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் க்னூப், உடலால் எரிக்க முடியாத பென்சீன் வளையத்தைக் கொழுப்பு அமிலத்தின் நுனியில் இணைத்து நாய்களுக்கு ஊட்டினார்; சிறுநீரில் எஞ்சி வந்த துண்டுகளைக் கொண்டே, அந்த அமிலம் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்படுகிறது என்று நிறுவினார். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வும் அடிப்படையில் அதே உத்திதான், வளையத்தின் இடத்தில் நிலையான ஐசோடோப்புகள், அதாவது கதிர்வீச்சு இல்லாத, எடையில் மட்டும் வேறுபட்டு அடையாளம் காட்டும் அணுக்கள். கல்லீரல் திசு எடுக்கப்படவிருந்த பருமனான நோயாளிகளுக்குச் சில நாள் முன்பிருந்தே அவற்றைக் கொடுத்துக் கணக்கிட்டதில், கல்லீரல் கொழுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு இரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலங்களிலிருந்தும், 26 விழுக்காடு கல்லீரலே புதிதாகச் செய்ததிலிருந்தும், 15 விழுக்காடு மட்டுமே உணவுக் கொழுப்பிலிருந்தும் வந்திருந்தது.

இதை நம் ஊரில் சொல்லிப் பார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (பாமாயில் தரும் பனை) நடவு 1917இல் நம் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. அதனாலோ என்னவோ, 'கல்லீரலில் கொழுப்பு' என்று ஸ்கேன் முடிவு வந்ததும் சிலர் பழியை நேரே செம்பனை எண்ணெயின் தலையில் போடுகிறார்கள், வேறு சிலர் அதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். இரு தரப்பிடமும் பாதி நியாயந்தான் உண்டு. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதற்கு 16 கார்பன்கள். சீனியும் டின் பாலும் தாராளமாக விட்ட தே தாரிக் என்ற நம் ஊர்த் தேநீரைக் குடித்தபின் மிஞ்சும் சர்க்கரையைக் கொண்டு கல்லீரல் முதலில் செய்து முடிப்பதும் அதே பால்மிட்டிக் அமிலந்தான். அதற்காக எண்ணெயைக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. 2014இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், எடை சரியாக இருந்த 39 பேருக்கு ஏழு வாரம் மஃபின் கொடுத்தார்கள். செம்பனை எண்ணெய்த் தரப்பும் சூரியகாந்தி எண்ணெய்த் தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு எடை கூடின, கல்லீரல் கொழுப்போ செம்பனைத் தரப்பில்தான் வெகுவாகக் கூடியது.

அன்றாட வேலையில் பகட்டு எதுவும் இல்லை. கல்லீரல் துண்டை இரண்டு பங்கு குளோரோஃபார்மும் ஒரு பங்கு மெத்தனாலும் விட்டு அரைத்து, பிரிந்து வரும் கொழுப்பைச் சிலிக்கா பூசிய தட்டில் துளித்துளியாக வைத்து, கரைப்பானில் மேலேறவிட்டு, பிறகு அயோடின் ஆவி நிறைந்த ஜாடிக்குள் நிறுத்துவாய். சற்று நேரத்தில் பழுப்புப் பொட்டுகள் எழும். நலமான கல்லீரலில் தொடங்கிய இடத்திலேயே தங்கும் பாஸ்போலிப்பிடு (செல் சவ்வுகளில் உள்ள கொழுப்பு) தடிப்பாகத் தெரியும், கொழுப்பேறிய கல்லீரலில் மேலே உள்ள டிரைகிளிசரைடு (சேமிப்புக் கொழுப்பு) பொட்டு ஊதிப் பெருத்திருக்கும். (பிளாஸ்டிக் குழாயில் மட்டும் குளோரோஃபார்மை ஊற்றாதே, கல்லீரலில் இல்லாத பொட்டெல்லாம் தட்டில் வரும்.)

எண்ணெயே தொடுவதில்லை, உடம்பிலும் சதை இல்லை, எனக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களை நீ நம் ஊரிலேயே பார்த்திருப்பாய். 2006இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஒல்லியான இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில், அதே போன்ற உடல்வாகுள்ள வெள்ளையருக்கு இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பு இருந்தது. முன்சொன்ன 59, 26, 15 என்ற பங்கீடு பருமனானவர்களுடையது. ஒல்லியான நம்மவர்களிடம் அது எப்படிப் பிரிகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள் என்பதே என் யோசனை.

எலியில் தொடங்கலாம் என்று பேராசிரியர் சொல்லக்கூடும். எலியின் கல்லீரல் புதுக் கொழுப்பு செய்வதில் மனிதருடையதைவிட வேகமானது. இந்தக் கேள்விக்கு அது போதாது. ஆகவே சேர்வதற்கு முன்பே இரண்டைக் கேட்டுவிடு: ஐசோடோப்பை அளக்கும் நிறமாலைமானி ஆய்வுக்கூடத்திலேயே உள்ளதா, நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு மருத்துவமனையோடு ஏற்கெனவே உடன்பாடு உள்ளதா. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், இரண்டாவது இல்லாத இடத்தில் உதவித்தொகைக் காலம் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும்.

அன்புடன்,
மாமா